சிமெண்ட் பார்த்துக்கொள்ளாது

இடக்கண்ணை மூடிக்கொண்டார். வலக்கையில் சுழன்றுகொண்டிருந்த கருவி நின்றது. இடக்கையில் பிடித்திருந்த சிறு கண்ணாடி மட்டும் நோயாளியின் வாய்க்குள் மின்னியது. திறந்திருந்த ஒற்றைக் கண்ணால், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, கண்ணாடியில் தெரிந்த பல்லைப் பார்த்தார். பிறகு கருவியை அதன் தாங்கியில் மாட்டினார். வலக்கையைத் தொடைக்கு அடியில் செருகி, அதன்மேல் அமர்ந்துகொண்டார். மறுபடியும் பார்த்தார்.

வாய் பிளந்து கிடந்த மனிதர், என்ன நேர்ந்தது என்று கண்களாலேயே கேட்டார்.

"ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க. கை சும்மா கெடந்தாத்தான் கண்ணு ஒழுங்கா வேலை பாக்கும்," என்றார் பல் மருத்துவர்.

பார்த்து முடித்ததும் அந்தக் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது கேட்டார். உதவிக்கு நிற்கும் அம்மாள், எச்சில் உறிஞ்சும் குழாயை ஒரு கையில் பிடித்தபடியே மறுகையால் பெட்டியை நீட்டினார். "பல்லு பிடுங்கறதுக்குச் செலவாகற கையுறையவிட, இவங்க கை மேல உக்காந்து எந்திரிக்கறதுக்குச் செலவாகறதுதான் அதிகம்," என்பது அந்த அம்மாளின் நிரந்தரப் புகார். மருத்துவர் அதை மறுத்ததில்லை.

அந்தத் தெருவில் அவருடைய பெயரைச் சொல்லி வழி கேட்டால் சற்று யோசிப்பார்கள். 'ஒத்தக்கண்ணு டாக்டர்' என்றால் உடனே கை நீட்டிக் காட்டுவார்கள். அவருடைய கண்கள் இரண்டும் பழுதற்றவை, கண்ணாடிகூட அணிவதில்லை. நாற்பதைத் தாண்டிய, ஒல்லியான, நடையில் சத்தமே இல்லாத பெண்மணி. மாடியில் இரண்டு அறைகள். வெளியறையில் ஒரு நீள பெஞ்சு; உள்ளறையில் சாய்நாற்காலி. நடுக்கதவை அவர் மூடுவதில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பதைக் காத்திருப்பவர்கள் நூறு மடங்காகக் கற்பனை செய்துகொள்வார்கள் என்பது அவர் கணக்கு. ஈறு சிகிச்சைக்காக வாரந்தோறும் அந்த பெஞ்சில் அமர நேர்ந்த எனக்கு, இந்தச் சித்திரத்துக்கான வசதி அந்தத் திறந்த கதவால் வாய்த்தது.

கீழ்த்தளத்தில் சாவி வெட்டும் கடை. உலோகத்தை உலோகம் அரைக்கும் ஒலி, படியேறி வருபவரை முதல் படியிலேயே வரவேற்கிறது. நாற்காலியில் சாய்ந்தவர்கள் திடீரென்று கைப்பிடியை இறுகப் பற்றுவதும், "அது கீழ்க்கடை சத்தம்ங்க, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல," என்று இவர் சமாதானம் சொல்வதும் அன்றாடம் நடப்பவை.

கேப் என்று எல்லோரும் சொல்லும் பல் உறையைப் பொருத்துவதற்கு முன், அடியிலுள்ள பல்லைச் சுற்றிலும் தேய்த்துச் சிறிதாக்க வேண்டும். உறை அதன்மேல் இறங்கி, ஈற்றோரமாகச் செதுக்கிய மெல்லிய படியில் வந்து உட்கார வேண்டும். தேய்த்த பல்லின் சுவர்கள் அடியில் குறுகி மேலே அகன்றிருந்தால் உறை இறங்காது. மேலே அளவுக்கு மீறிக் குறுகிவிட்டால் வழுக்கிக்கொண்டு இறங்கும். அதே எளிமையோடு கழன்றும் வரும். இரண்டுக்கும் நடுவே, நேர்ச்சுவர் போலத் தோன்றி, ஆனால் முற்றிலும் நேராக நில்லாத ஓர் இம்மிச் சாய்வில் இவருடைய தொழில் அடங்கியிருக்கிறது. இரண்டு கண்களாலும் பார்த்தால், அவை ஆளுக்கொரு சுவரைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று கூட்டாகப் பொய் சொல்லுமாம். ஒற்றைக் கண்ணுக்கு, அடியிலுள்ள படி சுற்றிலும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். "தெரியணும். ஆனா ரொம்பத் தாராளமாத் தெரியக் கூடாது," என்பார்.

புரியாமல் விழிப்பவர்களுக்காக மேசைமேல் இரண்டு ஜோடி டம்ளர்கள் இருக்கின்றன. ஒன்றுக்குள் ஒன்று வைத்த முதல் ஜோடியில், மேல் டம்ளரைத் தொட்டதும் கையோடு வந்துவிடும். இரண்டாவது ஜோடியைப் பிரிக்க வேண்டுமானால் வெந்நீர் ஊற்றி, இரண்டு பேர் இழுக்க வேண்டும். "வீட்டுல இப்படி மாட்டிக்கிட்டா டம்ளரத் திட்டுவோம். இங்க அப்படி மாட்டிக்கிட்டாத்தான் டாக்டரத் திட்ட மாட்டீங்க," என்று சொல்லி இரண்டாவது ஜோடியை நோயாளியின் கையில் கொடுப்பார். இழுத்துப் பார்த்துத் தோற்ற பிறகு பெரும்பாலோருக்குப் பயம் பாதி குறைந்துவிடுகிறது.

அந்தக் கண் சாய்நாற்காலியோடு நிற்பதில்லை. பெஞ்சில் குடித்துவிட்டு வைத்த காகிதக் குவளை, தரை துடைக்கும் வாளி, பேனாவின் மூடி எல்லாவற்றையும் ஒரு கண்ணை மூடி ஒரு கணம் அளந்துவிட்டுத்தான் கடந்து செல்வார்.

கையின்மேல் உட்காரும் பழக்கம் அவ்வளவு பழையதன்று. அது ஒரு வைத்தியம். படித்து முடித்த புதிதில், இன்னொரு மருத்துவரிடம் வேலை பார்த்தபோது, இவர் தேய்த்த ஒரு பல்லில் கேப் பாதி வழியில் நின்றுவிட்டது. நோயாளியின் குடும்பமே சுற்றி நிற்க, அந்த மருத்துவர் வாய்விட்டுச் சிரித்தாராம். அன்றிலிருந்து, பல் சரியாக அமைந்த பிறகும் கை நிற்பதில்லை. "இறங்காமப் போயிடுமோன்னு பயம். இன்னும் ஒரே ஒரு இழுப்பு, இன்னும் ஒரே ஒரு இழுப்புன்னு கை தானாப் போகும். ஜாக்கிரதையா இருக்கறதாத்தான் நெனச்சுக்கிட்டேன்," என்கிறார். அந்த ஜாக்கிரதையில் கூம்பாகிப் போன பல் ஒன்று உண்டு. அது அவருடைய கணவரின் அக்காவின் வாயில் இருக்கிறது. கையின்மேல் உட்காரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அந்த நாத்தனார் காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் கூவுகிறவர். ஒலிபெருக்கி இல்லாமலே சந்தையின் மறு கோடியை எட்டும் குரல். அதனால் சந்தையில் அவருக்கு 'மைக்கக்கா' என்று பெயர். மேல்வரிசையில் கோரைப்பல்லுக்கு அடுத்த பல்லில் அவருக்குக் கேப் வைத்தவர் நம் மருத்துவர். முதல் முறை அது மிட்டாயோடு வந்தது. மீண்டும் ஒட்டினார். அடுத்த முறை, கூட்டம் நெரியும் காலை வேளையில், உச்சக் குரலில் இரண்டாம் தரம் சொல்லும்போது வாயிலிருந்து பறந்து ஒரு காலிஃபிளவர் கூடையில் போய் விழுந்தது. கூடையை எடுத்த வியாபாரி, "அக்கா, இதுவும் இதோட சேத்துத்தானே?" என்று கேட்டிருக்கிறார். சந்தை இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

நாத்தனார் முதலில் பழியைப் போட்டது கேப் செய்கிற லேப்காரர்மேல். "அந்தாள் கைய ஒடிக்கணும்," என்று உறவினர் வீடுகள் எல்லாவற்றிலும் சொல்லிக்கொண்டிருந்தவரை நிறுத்தி, "கேப்பு மேல தப்பு இல்ல அண்ணி. பல்ல நான்தான் அதிகமாத் தேய்ச்சுட்டேன்," என்று மருத்துவரே சொல்லிவிட்டார். நாத்தனார் அதே வீடுகளுக்கு மறுபடியும் போய்ப் பழியின் முகவரியைத் திருத்திவிட்டு வந்தாராம். ஆனாலும் வேறு மருத்துவரிடம் போகவில்லை.

அவர் படியேறி வந்த பிற்பகலில் நான் பெஞ்சில் இருந்தேன். தடித்த உருவம், தளர்ந்த கொண்டை. பேசும்போதெல்லாம் ஒரு கை வாயருகே வந்து, எதையோ ஏந்தத் தயாராகக் குவிந்து நின்றது. காலிஃபிளவர் கூடைக்குப் பிறகு வந்த வழக்கம் அது. மருத்துவர் மறுபடியும் ஒட்டிக் கொடுத்த அந்தக் கேப் எப்போது கிளம்பும் என்று தெரியாத நிலையில், கை முன்னெச்சரிக்கையாக முன்வந்துவிடுகிறது. குரலோ, தன்னையே நம்பாமல் தாழ்ந்திருந்தது.

"இந்தப் பொண்ணு கல்யாணம் ஆகி வந்த புதுசுல," என்று உதவியாளர் அம்மாளிடம் ஆரம்பித்தார், "என் தம்பியப் பாத்துக் கண்ணடிக்குதுன்னு நெனச்சேன். சரி, சின்னஞ்சிறுசுங்கன்னு விட்டேன். அப்புறம் பாத்தா, தண்ணி வாளியப் பாத்தும் கண்ணடிக்குது."

"அண்ணி, வாயத் திறங்க."

"தொறக்கறேன். முதல்ல ஒண்ணு கேட்டுக்க. வர்ற திங்கக்கிழமைக்கு அடுத்த திங்கள் சந்தையோட புது மைதானம் தொறக்கறாங்க. மொத ஏலம் நான்தான் கூவணும். ஆனா சங்கத்துல என்ன சொல்றாங்க தெரியுமா? 'அக்கா, நீங்க இப்பல்லாம் கூவறது காதுல ரகசியம் சொல்ற மாதிரி இருக்கு. ஒலிபெருக்கி வச்சு ஓர் ஆள் இருக்கான், அவன வச்சுக்கறோம்'ங்கறாங்க. மைக்க வச்சிருக்கற ஆளக் கொண்டுவந்து மைக்குக்கே வேட்டு வைக்கறாங்க."

மருத்துவர் எக்ஸ்ரேவை விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். தேய்ந்து குட்டையான பல். அதன் நடுவே நிழல்போல ஓடும் நரம்பு. இனிமேல் சுவரைத் தேய்க்க இடமில்லை. ஆகவே, பல்லின் முன்புறச் சுவரிலும் பின்புறச் சுவரிலும் நேர் நேராக இரண்டு சிறு பள்ளங்கள் இறக்க வேண்டும். கதவுச் சட்டத்தின் காடியில் பலகை இறங்குவதுபோல, கேப்பின் உட்புறம் அந்தப் பள்ளங்களில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். பள்ளங்கள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் கேப் இறங்காது. ஓர் இழுப்பு ஆழமாகப் போனால் நரம்பு. ஓர் இழுப்பு அகலமாகப் போனால் சுவரே உடையும்.

"உடைஞ்சா?" என்றார் நாத்தனார்.

"பல்ல எடுத்துட்டுக் கழட்டி மாட்டற பல்லு வைக்கணும்."

"பல்செட்டப் போட்டுக்கிட்டு நான் ஏலம் கூவினா, அந்தப் பல்லையும் சேத்துல்ல ஏலம் எடுத்துடுவானுங்க!" சிரித்தார். சிரிப்பு சட்டென்று நின்றது. "அதுக்கப்புறம் என் சத்தம் எங்க எடுபடும், சொல்லு."

"எடுபடாதுதான் அண்ணி. வேற டாக்டர்கிட்ட வேணா எழுதிக் கொடுக்கட்டுமா? நல்லவர். கை சுத்தம்."

"எதுக்கு? கெடுத்தது நீ. கெட்டது எவ்வளவுன்னு ஒனக்குத்தான் தெரியும். புதுசா ஒருத்தன் வந்து அதப் படிச்சுத் தெரிஞ்சுக்கறதுக்குள்ள என் பல்லு முடிஞ்சுடும். செய்." நாற்காலியில் சாய்ந்து, வாயருகே இருந்த கையை எடுக்க மனமில்லாமல் எடுத்து, மடியில் வைத்தார்.

மரத்துப்போகும் ஊசி போட்டார். பழைய கேப் சிறு கரண்டியால் நெம்பியதும் எதிர்ப்பே இல்லாமல் கழன்று வந்தது. அந்த எளிமையைக் கண்டு மருத்துவரின் தாடை இறுகியதை நான் பார்த்தேன். மெல்லிய முனை மாட்டிய கருவி இரண்டு விநாடி ஒலிக்கும், நிற்கும். கருவி தாங்கிக்குப் போகும். கை தொடைக்கு அடியில் போகும். இடக்கண் மூடும். மறுபடி புதுக் கையுறை. உதவியாளர் அம்மாள் அன்று புகார் சொல்லவில்லை. கேட்பதற்கு முன்பே பெட்டியை நீட்டிக்கொண்டிருந்தார். முன்புறப் பள்ளம் முடிந்தது. பின்புறப் பள்ளம் கண்ணாடியில் மட்டுமே தெரியும் இடம். அங்கே எல்லாம் தலைகீழ். மருத்துவரின் நெற்றியில் திரண்ட வியர்வையை அம்மாள் தம் முழங்கையால் ஒற்றினார். நாத்தனாரின் கால் விரல்கள் செருப்பை விட்டு வெளியே வந்து, நாற்காலியின் ஓரத்தைப் பற்றியிருந்தன.

ஒரு கட்டத்தில் கருவி வாய்க்குள் போய், ஒலிக்காமல், அப்படியே நின்றது. இன்னும் ஒரே ஒரு இழுப்பு. அது வேண்டுமா வேண்டாமா என்பது அவருடைய தோள்பட்டையில் தெரிந்தது. தோள் மெல்லத் தாழ்ந்தது. கருவி வெளியே வந்தது.

"போதும்," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

மாவு போன்ற பொருளை வாயில் வைத்து அச்சு எடுத்தார். தேய்த்த பல்லின்மேல் தாற்காலிகக் கேப் ஒன்றை வைத்து, எளிதில் எடுக்கக்கூடிய வெண்பசையால் ஒட்டினார். "இது வேலைக்கு வந்ததில்ல, விருந்தாளி. இத வச்சுக்கிட்டுக் கத்தக் கூடாது," என்று அனுப்பிவைத்தார். நாத்தனார் கையைக் குவித்து வாயருகே வைத்தபடியே படியிறங்கிப் போனார்.

அடுத்த முறை நான் போனபோது, மருத்துவர் கையுறையோடு நிற்க, உதவியாளர் அம்மாள் தொலைபேசியை அவர் காதருகே பிடித்திருந்தார். மறுமுனையில் லேப்காரர். ஒலியைப் பெரிதாக வைத்திருந்ததால் பெஞ்சு முழுவதும் கேட்டது.

"டாக்டர், பள்ளம் ரெண்டும் அச்சுல நல்லா விழுந்திருக்கு. வரப்பும் சுத்திலும் தெளிவா இருக்கு. ஆனா ரொம்ப இறுக்கம். நான் உள்ள கொஞ்சம் லூசு குடுத்துடறேன், சுலபமா இறங்கிடும். மிச்சத்த சிமெண்ட் பாத்துக்கும்."

பல்லைச் சுற்றிச் செதுக்கும் படிக்கு அவர்கள் இருவருக்குமிடையே 'வரப்பு' என்று பெயர். 'சிமெண்ட் பாத்துக்கும்' என்பதோ மருத்துவரின் காதில் விழக் கூடாத வாக்கியம். ஒட்டும் பசை இடுக்கை அடைப்பதற்கு மட்டுமே, தாங்குவது சுவர்தான் என்பது அவருடைய கட்சி.

"பாத்துக்காது சார். ரெண்டு தடவ அதுகிட்ட விட்டுட்டு நாம ரெண்டு பேரும் பாத்துட்டோம். லூசு வேண்டாம். அச்சுல உள்ளபடியே இறுக்கமா வரட்டும்."

"இறங்கலன்னா?"

"இறங்கலன்னா என் பல்லுல தப்பு. உங்ககிட்ட வராது."

"அது சரி. உங்க அண்ணி முன்ன என்னத் திட்டினது எங்க லேப் வரைக்கும் கேட்டுச்சு டாக்டர்."

"அவங்க குரல் அப்படி. திங்கக்கிழமைக்கு அந்தக் குரல்தான் சார் வேணும்."

சனிக்கிழமைப் பிற்பகல் கேப் வந்தது. என் முறை இல்லாவிட்டாலும் நானும் போய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பஞ்சு வைத்த சிறு டப்பாவில், வெண்மையும் மஞ்சளும் கலந்த நிறத்தில், நிஜப் பல்லைவிட நிஜமாக இருந்தது. நாத்தனார் சந்தையிலிருந்து நேரே வந்திருந்தார். அன்று ஒலிபெருக்கிக்காரரை நிறுத்திச் சோதித்துப் பார்த்தார்களாம். "கரகரன்னு தகரத்த இழுக்கற மாதிரி சத்தம். ஆனா எல்லாருக்கும் கேக்குது. கடைசிக் கூடைக்காரன் வரைக்கும்," என்றார் கைக்குள்ளிருந்து.

தாற்காலிகக் கேப்பை எடுத்தார். பல்லைத் துடைத்தார். புதியதை வைத்து விரலால் அழுத்தினார்.

இறங்கவில்லை.

பாதியில் நிற்கவில்லை, ஏறக்குறைய முழுவதும் இறங்கி, ஒரு மயிரிழை உயரத்தில் நின்றுவிட்டது. ஊசி முனையால் ஓரத்தைத் தடவினார். கேப்பின் விளிம்பில் முனை இடறியது. எடுத்தார், வைத்தார், அழுத்தினார். அதே இடறல். நாத்தனாரின் விழிகள் மருத்துவரின் முகத்தை விட்டு அகலவில்லை. வாய்க்குள் விரல் இருந்ததால் அவரால் எதுவும் கேட்க முடியவில்லை.

உதவியாளர் அம்மாள் கருவியை எடுத்து நீட்டினார். பல ஆண்டுப் பழக்கம். கேப் இறங்காவிட்டால் அடுத்து வருவது அதுதான். மருத்துவர் அதை வாங்கினார். கால், கருவியை இயக்கும் மிதியைத் தரையில் தேடிச் சென்றது. மறுகணம் அரைக்கும் ஒலி எழுந்தது. நாத்தனார் நாற்காலியில் துள்ளினார். உள்ளே என்ன உடைந்ததோ என்று பெஞ்சிலிருந்த நாங்களும் எழுந்துவிட்டோம்.

கீழ்க்கடையில் யாருக்கோ சாவி வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

மருத்துவர் தம் கையில் அசையாதிருந்த கருவியைப் பார்த்தார். காலை மிதியிலிருந்து எடுத்தார். கருவியைத் தாங்கியில் மாட்டினார். கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் முழுப் பாரத்தையும் போட்டு உட்கார்ந்தார்.

"காத்து அடிங்கம்மா," என்றார் உதவியாளரிடம். பல் உலர்ந்தது. "விளக்கு இன்னும் கிட்ட." இடக்கண் மூடியது. முன்சுவர். படி. முன்பள்ளம். சுற்றி வந்து பின்சுவர். கண்ணாடி ஒரு புள்ளியில் நின்றது. நெடுநேரம் நின்றது.

"பல்லு சரியா இருக்கு," என்றார் மிகத் தாழ்ந்த குரலில். "விருந்தாளி ஏதோ விட்டுட்டுப் போயிருக்கான்."

பின்பள்ளத்தின் அடியில், பல்லின் நிறத்திலேயே, கடுகில் பாதியளவு வெண்பசை உறைந்திருந்தது. தாற்காலிகக் கேப்பை ஒட்டிய அதே பசை. அதைக் காணாமல் பல்லையோ கேப்பையோ தேய்த்திருந்தால், இரண்டில் ஒன்று நிரந்தரமாகக் கெட்டிருக்கும். கூர்முனைக் கொக்கியால் அதைத் தோண்டி எடுத்து, உதவியாளர் அம்மாள் நீட்டிய பஞ்சில் துடைத்தார். அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "இத்துணூண்டு கழுதைக்கா இவ்வளவு நேரம்!" என்றார்.

மறுபடி கேப்பை வைத்தார். விரலின் அழுத்தத்தில் அது மெல்ல நகர்ந்து, ஓசை என்றுகூடச் சொல்ல முடியாத ஒரு சிறு அடக்கத்தோடு உட்கார்ந்தது. ஊசி முனை பல்லிலிருந்து கேப்புக்கும் கேப்பிலிருந்து பல்லுக்கும் இடறாமல் போய் வந்தது. கடி எங்கே அழுந்துகிறது என்று காட்டும் நீலத்தாளைக் கடிக்கச் சொல்லிப் பார்த்தார். நகத்தை விளிம்பில் கொடுத்து இழுத்தார், வரவில்லை. "சரி அண்ணி. கழட்டிக் காய வச்சு ஒட்டிடலாம்," என்று சொல்லி, உதவியாளரிடம் திரும்பி, "சிமெண்ட் கலக்குங்க," என்றார்.

"கலக்காத."

நாத்தனார் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன அண்ணி?"

"சிமெண்ட் கலக்காதன்னேன். நீதானே ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியற, சிமெண்ட் பாத்துக்காது, சுவருதான் பிடிக்கும்னு? அப்ப சுவரு பிடிக்குதான்னு முதல்ல பாப்போம். நான் ஒரு ஏலம் கூவறேன். நின்னுச்சுன்னா ஒட்டு. நிக்கலன்னா, திங்கக்கிழமைக்கு அந்தத் தகரத்தானையே வச்சுக்கச் சொல்லி ஆள் அனுப்பிடறேன். அத்தன பேர் முன்னாடி மறுபடியும் கூடையில விழறத என்னால பாக்க முடியாது."

"வெளிய விழுந்தாப் பரவால்ல. உள்ள போயிடுச்சுன்னா? மூச்சுக் குழல்ல போனா ஆபத்து. நான் ஒத்துக்க மாட்டேன்."

"மூச்ச உள்ள இழுத்துக்கிட்டா கத்துவாங்க? வெளிய விட்டுத்தானே கத்துவேன்? முப்பது வருஷமா கத்தறேன், எனக்குத் தெரியாதா?"

"அண்ணி..."

"பயமா இருக்கா டாக்டரம்மா?"

மருத்துவர் தம் முக்காலியைத் தள்ளி அறை நடுவில் இடம் விட்டார். "குனிஞ்ச மாதிரி நில்லுங்க. தலைய மட்டும் பின்னால சாய்க்காதீங்க," என்றார்.

நாத்தனார் அறை நடுவில் வந்து நின்றார். காலை அகட்டி வைத்துக்கொண்டார். குனிந்த நிலையிலேயே மூக்கால் காற்றை இழுத்து நிரப்பினார்.

"கேளுங்க, கேளுங்க, கேளுங்க! ஒரு தரம்!"

மேசைமேலிருந்த டம்ளர்கள் அதிர்ந்தன. கீழே சாவி இயந்திரம் நின்றது. பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் தம் முறை வந்துவிட்டதென்று எழுந்தார்.

"ரெண்டு தரம்!"

காலிஃபிளவர் கூடைக்கு அனுப்பிய வார்த்தை அது. அதைத் தாண்டினார். குரல் இன்னும் ஏறியது. பல நாள்களாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் அதில் வந்தது.

"மூணு தரம்!"

நாத்தனாரின் கைகள் இரண்டும் இடுப்பில் இருந்தன. அவருடைய வாய்க்கு நேர் கீழே குவிந்து நின்றது மருத்துவரின் உள்ளங்கை. ஓசை அடங்கிய பிறகும் அந்தக் கை காலியாகவே, நீட்டியபடியே இருந்தது. மருத்துவர் இரண்டு கண்களையும் இறுக மூடியிருந்தார்.